இரட்டைச் சுவர் இன்டைரக்ட் டேங்க் வாங்கலாமா? பாய்லர் வீட்டுக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

பாஸ்டன், நியூ ஜெர்சி, நியூ யார்க், டொராண்டோ பக்கம் பழைய வீடு வாங்கியவர்களுக்காக இதை எழுதுகிறேன். ரேடியேட்டர் அல்லது பேஸ்போர்டு ஹீட்டிங் உள்ள வீடு என்றால் பேஸ்மென்ட்டில் ஒரு பாய்லர் இருக்கும். குளிக்கவும் பாத்திரம் கழுவவும் தேவையான வெந்நீரையும் அந்தப் பாய்லரிலிருந்தே எடுக்கலாம். அதற்குத்தான் இன்டைரக்ட் டேங்க். அதில் ஒற்றைச் சுவரா, இரட்டைச் சுவரா என்ற கேள்வி வரும்போது கடைக்காரர் ஒன்று சொல்வார், பிளம்பர் வேறொன்று சொல்வார். மாசசூசெட்ஸில் எங்கள் வீட்டு டேங்கை மாற்றிய சமயத்தில் தேடிப் படித்ததும், அதன்பின் நண்பர்கள் வீடுகளில் பார்த்ததும் இங்கே இருக்கின்றன.

இன்டைரக்ட் டேங்க் என்றால் என்ன?

சாதாரண வாட்டர் ஹீட்டரில் அடியில் தனியாக நெருப்போ மின்சார ராடோ இருக்கும். இன்டைரக்ட் டேங்குக்கு சொந்தமாக நெருப்பு கிடையாது. பாய்லரில் சூடான தண்ணீர் ஒரு சிறு பம்ப் வழியாக டேங்குக்குள் இருக்கும் உலோகச் சுருளுக்குள் ஓடித் திரும்பும். சுருளைச் சுற்றி நிற்கிற குடிநீர் அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ளும். இரண்டு தண்ணீரும் ஒன்றையொன்று தொடாது.

நம் வீட்டு பால் குக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சுற்றில் ஊற்றிய தண்ணீர் கொதிக்கிறது, உள்ளே பால் காய்கிறது. பால் இருக்கும் இடத்தில் குடிநீர், வெளிச்சுற்றுத் தண்ணீர் இருக்கும் இடத்தில் பாய்லர் நீர். நடுவே ஒரே ஒரு தகடு. அந்தத் தகட்டில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால் என்ன ஆகும் என்பதுதான் இந்தப் பக்கம் முழுவதற்கும் அடிப்படை.

அப்படியானால் இரட்டைச் சுவர் என்பது?

சுருள் ஒரு குழாயாக இல்லாமல், குழாய்க்குள் குழாயாக இருக்கும். உள்குழாயில் பாய்லர் நீர் ஓடும். வெளிக்குழாயின் வெளிப்புறத்தைக் குடிநீர் தொட்டுக்கொண்டிருக்கும். இரண்டு குழாய்களுக்கும் நடுவே மிக மெல்லிய இடைவெளி, பெரும்பாலும் நுண்ணிய பள்ளங்களாக. அந்த இடைவெளி டேங்குக்கு வெளியே, காற்றில் போய்த் திறக்கும். சுருள் டேங்கை விட்டு வெளியேறும் இடத்தில் சிறு துளையாகவோ வெட்டாகவோ அதைப் பார்க்கலாம்.

உள்சுவர் ஓட்டையானால் பாய்லர் நீர் அந்த இடைவெளி வழியாக வெளியே சொட்டும். வெளிச்சுவர் ஓட்டையானால் குடிநீர் சொட்டும். எது போனாலும் தரையில் ஈரம் தெரியும், இரண்டும் கலக்காது. இடைவெளி காற்றுக்குத் திறந்திருப்பதால் அங்கே அழுத்தம் சேர்ந்து எதிர்ப்பக்கம் தள்ள வழியில்லை. எனவே இரண்டு சுவர் இருப்பது மட்டும் போதாது, நடுவே காற்றுக்குத் திறந்த வழி இருக்க வேண்டும். இரண்டு தகடுகளை ஒட்டி மூடியிருந்தால் பிளம்பிங் கோடு, அதாவது குழாய் வேலைக்கான சட்ட விதிகள், அதை இரட்டைச் சுவராக ஏற்காது. வாங்கும்போது அந்த வென்ட் துளை எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். காட்டத் தெரியாதவரிடம் வாங்க வேண்டாம்.

குடிநீரின் அழுத்தம்தானே அதிகம்? ஓட்டை விழுந்தாலும் குடிநீர்தானே பாய்லருக்குள் போகும்?

ஒற்றைச் சுவருக்காகச் சொல்லப்படும் வாதங்களில் வலுவானது இதுதான். பெரும்பாலான நேரத்துக்கு இது உண்மையும்கூட. வீட்டுப் பாய்லரில் தண்ணீர் ஆறியிருக்கும்போது 12 பிஎஸ்ஐ (அழுத்தத்தை அளக்கும் அலகு) இருக்கும். அதன் ரிலீஃப் வால்வு, அதாவது அழுத்தம் கூடினால் தண்ணீரை வெளியே விடும் பாதுகாப்பு வால்வு, 30 பிஎஸ்ஐயில் திறந்துவிடும். ஊர்க்குழாய்த் தண்ணீர் சாதாரணமாக 40 முதல் 80 பிஎஸ்ஐ வரை இருக்கும். ஆகவே ஓட்டை விழுந்தால் குடிநீர் பாய்லருக்குள் போகும், பாய்லர் அழுத்தம் ஏறும், ரிலீஃப் வால்வு சொட்டும்.

ஆனால் ஊர்க்குழாயின் அழுத்தம் எந்நேரமும் அப்படியே நிற்பதில்லை. தெருவில் மெயின் உடையும். பக்கத்துத் தெருவில் தீ என்றால் ஹைட்ரன்ட் வழியாக ஏராளமான தண்ணீர் போகும். அவ்வளவு தூரம் போக வேண்டாம். பாத்ரூம் குழாய் மாற்ற வந்தவர் மெயின் வால்வை மூடி, பேஸ்மென்ட் குழாயைத் திறந்து தண்ணீரை வடிப்பார். அந்த நிமிடம் குடிநீர்ப் பக்கம் அழுத்தம் பூஜ்யம், பாய்லர் பக்கம் 12 முதல் 20 பிஎஸ்ஐ. ஓட்டை அதே ஓட்டைதான், ஓட்டம் மட்டும் திசை மாறிவிட்டது.

ஓட்டையும் அழுத்த வீழ்ச்சியும் ஒரே நேரத்தில் வருவது அரிது என்று சொல்வார்கள். அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. ஒற்றைச் சுவரில் விழுந்த ஊசி ஓட்டை மாதக்கணக்கில் கண்டுபிடிக்கப்படாமல் கிடக்கும். ரிலீஃப் வால்வு சொட்டினால் முதல் சந்தேகம், சூடாகி விரியும் தண்ணீருக்கு இடம் தரும் எக்ஸ்பான்ஷன் டேங்க் மேல் விழும். அதை மாற்றுவார்கள். அடுத்து, தண்ணீர் நிரப்பும் வால்வை மாற்றுவார்கள். சுருளைக் கடைசியில்தான் பார்ப்பார்கள். அந்த இடைக்காலத்தில் ஒருமுறையாவது வீட்டுத் தண்ணீரை யாரோ மூடித்தான் இருப்பார்கள்.

பாய்லரிலும் தண்ணீர்தானே இருக்கிறது? கலந்தால்தான் என்ன?

எந்தச் சுவர் என்ற முடிவு இந்தக் கேள்விக்கான பதிலில்தான் இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பாய்லரில் ஊர்க்குழாய்த் தண்ணீர் மட்டுமே இருக்கிறது, வேறு எதையும் யாரும் ஊற்றவில்லை என்றால், கலந்தாலும் வருவது பழைய, கறுத்த, துருவாடை அடிக்கிற தண்ணீர். அருவருப்பானது, குடிக்கத் தகாதது, ஆனால் நஞ்சு என்று சொல்ல முடியாது.

ஆனால் பாய்லருக்குள் வேறு பொருட்களும் போகும். முதலாவது, உறைதடுப்பான். குளிர்காலத்தில் மூடிவைக்கும் வீடு, கராஜுக்கு மேலே உள்ள அறை, வாசலில் பனி உருக்கும் குழாய்கள் இவற்றுக்காகக் கிளைக்கால் சேர்ப்பார்கள். அதில் இரண்டு வகை. புரோப்பிலீன் கிளைக்காலை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் உணவில் சேர்க்கப் பாதுகாப்பானது என்று ஏற்றிருக்கிறது. எதிலீன் கிளைக்கால் கொடிய நஞ்சு. கார் ரேடியேட்டரில் ஊற்றுவது பெரும்பாலும் அதுதான். இனிப்புச் சுவை உள்ளது, அதனால் குழந்தைகளோ நாயோ முகம் சுளிக்காமல் குடித்துவிடும். உடலுக்குள் அது அமிலங்களாக மாறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

இரண்டாவது, துருத் தடுப்பு ரசாயனங்கள். நைட்ரைட், மாலிப்டேட், அமீன் என்று பல வகை. உறைதடுப்பான் இல்லாத பாய்லரிலும் இவை இருக்கலாம். புரோப்பிலீன் கிளைக்காலோடும் இப்படிப்பட்ட தடுப்பான்கள் கலந்தே விற்கப்படும். எனவே புரோப்பிலீன் என்ற பெயரைப் பார்த்ததும் நிம்மதியாகிவிடாமல் முழுக் கலவையும் பாதுகாப்பானது என்று லேபிள் சொல்கிறதா என்று பாருங்கள். மூன்றாவது, கசிவை அடைக்க ஊற்றும் திரவங்கள். எங்கேயோ சிறு கசிவு, சுவரை உடைக்க மனமில்லை, ஒரு டப்பாவை ஊற்றிவிட்டுப் போவார்கள்.

ஹீட்டிங் நீர் குடிநீரில் கலந்து ஆட்களைப் பாதித்தது நடந்த விஷயம். 1987 கோடையில் அமெரிக்காவின் வட டகோட்டா மாநிலத்தில், ஒரு கிராமத் தீயணைப்புக் கூடத்தில் நடந்த பிக்னிக்கில், ஹீட்டிங் அமைப்புக்குப் பக்கத்தில் இருந்த குழாயில் பிடித்த தண்ணீரில் குளிர்பானம் கலக்கினார்கள். ஹீட்டிங் அமைப்பில் இருந்த எதிலீன் கிளைக்கால் அந்தத் தண்ணீரில் வந்திருந்தது. சிறு குழந்தைகள் நோயுற்றார்கள். அங்கே கோளாறு சுருளில் இல்லை, ஹீட்டிங் குழாயும் குடிநீர்க் குழாயும் இணைந்திருந்ததுதான். ஆனாலும் இரண்டு தண்ணீரும் சந்தித்தால் என்ன ஆகும் என்பதற்கு அது போதும்.

சட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் வேறு பிளம்பிங் கோடு. பெரிய மாதிரிக் கோடுகள் இரண்டு. இன்டர்நேஷனல் பிளம்பிங் கோடு சுருக்கமாகச் சொல்கிறது: சூடு கடத்தும் திரவம் நஞ்சானால் இரட்டைச் சுவர் வேண்டும், இரண்டு சுவருக்கும் நடுவே வெளிக்காற்றுக்குத் திறந்த இடைவெளி வேண்டும், நஞ்சில்லாத திரவமானால் ஒற்றைச் சுவர் போதும். கலிஃபோர்னியா, ஓரிகான், மினசோட்டா போன்ற மாநிலங்கள் பின்பற்றும் யூனிஃபார்ம் பிளம்பிங் கோடு ஒற்றைச் சுவரை அனுமதிக்கச் சில நிபந்தனைகள் வைக்கிறது. திரவம் குடிநீராகவோ, உணவு மருந்து நிர்வாகம் ஏற்ற பொருட்களை மட்டும் கொண்டதாகவோ இருக்க வேண்டும். அதன் அழுத்தம் குடிநீரின் வழக்கமான குறைந்தபட்ச அழுத்தத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். அப்படிப்பட்ட பொருளை மட்டுமே சேர்க்கலாம் என்ற நிரந்தர லேபிள் கருவியில் ஒட்டியிருக்க வேண்டும்.

மாசசூசெட்ஸுக்குத் தனிக் கோடு. நியூ ஜெர்சி நேஷனல் ஸ்டாண்டர்ட் பிளம்பிங் கோடைப் பின்பற்றுகிறது. கனடாவில் மாகாணக் கோடுகள். எங்கே இருந்தாலும் கடைசி வார்த்தை உங்கள் ஊர் இன்ஸ்பெக்டருடையது. டேங்க் வாங்குவதற்கு முன்பே நகராட்சிக் கட்டட அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டு, "பாய்லரில் இன்ன திரவம், ஒற்றைச் சுவர் டேங்க், ஏற்பீர்களா?" என்று கேட்டுவிடுங்கள்.

என் பாய்லரில் என்ன இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் பாய்லரிலும் குழாய்களிலும் ஏதாவது அட்டை தொங்குகிறதா என்று பாருங்கள். கிளைக்கால் ஊற்றியவர் வகை, அளவு, தேதி எழுதிய அட்டையை மாட்ட வேண்டும். பலர் மாட்டுவதில்லை. பாய்லரை அணைத்து ஆறவிட்டு, அடிக்குழாயில் ஒரு கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் பிடியுங்கள். இளஞ்சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று நிறம் தெரிந்தாலோ விரல்களுக்கு நடுவே வழுவழுப்பாக இருந்தாலோ ஏதோ சேர்த்திருக்கிறார்கள். கைகளை நன்றாகக் கழுவிவிடுங்கள், ருசி பார்க்கவே கூடாது. ரிஃப்ராக்டோமீட்டர் என்ற சிறு கருவியால் எவ்வளவு கிளைக்கால் இருக்கிறது என்று கண்டுபிடிக்கலாம். எந்தக் கிளைக்கால் என்று உறுதியாகத் தெரிய லேபிளோ ஆய்வகமோ வேண்டும்.

எங்கள் வீட்டில் எனக்கு இது நடந்தது. வாங்கும்போது எல்லாம் வெறும் தண்ணீர்தான் என்றார்கள். வீட்டைப் பரிசோதித்தவரும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது குளிர்காலத்தில் ஒரு பம்பை மாற்றியபோது கையில் வழுவழுவென்று பச்சைத் திரவம். பேஸ்மென்ட் படிக்கட்டுக்கு அடியில் தேடினால், தூசி படிந்த காலி கேன்கள், எதிலீன் கிளைக்கால் என்ற லேபிளோடு. முந்தைய வீட்டுக்காரர் குளிர்காலத்தில் வெயில் ஊருக்குப் போகிறவராம். குழாய் உறையக் கூடாது என்று யாரோ ஊற்றியிருக்கிறார்கள். டேங்க் ஒற்றைச் சுவர். மகளுக்கு அப்போது இரண்டு வயது, அந்தத் தண்ணீரில்தான் தினமும் குளித்துக்கொண்டிருந்தாள். சுருளில் ஓட்டை ஏதும் இல்லை என்று சோதனையில் தெரியும்வரை இருந்த இரண்டு நாட்களை நான் மறக்கவில்லை. முழு அமைப்பையும் பலமுறை அலசி, இரட்டைச் சுவர் டேங்க் போட்டோம்.

அதிலிருந்து நான் கேட்கிற கேள்வி மாறிவிட்டது. இன்று பாய்லரில் என்ன இருக்கிறது என்பதோடு, பத்து வருஷம் கழித்து அதில் யார் எதை ஊற்றுவார்கள் என்றும் கேட்கிறேன். ஒற்றைச் சுவரில் ஒட்டிய லேபிளை அந்த ஆள் படிப்பாரா என்பது நம் கையில் இல்லை.

இரட்டைச் சுவர் யாருக்குக் கட்டாயம், யாருக்குத் தேவையில்லை?

எதிலீன் கிளைக்கால், நஞ்சான துருத் தடுப்பான், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பாய்லர், இந்த மூன்றுக்கும் இரட்டைச் சுவர்தான், பேச்சே இல்லை. பனி உருக்கும் குழாயோ சோலார் பேனலோ அதே பாய்லர் நீரில் இணைந்திருந்தாலும் அப்படியே. வாடகைக்கு விடுகிற வீடு, பல குடும்பம் இருக்கும் கட்டடம், அடிக்கடி வேறு வேறு ஆட்கள் வந்து வேலை பார்க்கும் இடம் என்றாலும் நான் இரட்டைச் சுவரே போடச் சொல்வேன்.

வெறும் தண்ணீர் ஓடுகிற பாய்லர், நீங்களே குடியிருக்கிறீர்கள், உறைதடுப்பான் தேவையே இல்லாத அமைப்பு, கோடும் அனுமதிக்கிறது என்றால் நல்ல ஒற்றைச் சுவர் டேங்க் போதும். இரட்டைச் சுவர் வேண்டாம் என்று சொல்கிற பிளம்பர் அந்த இடத்தில் சரியாகத்தான் சொல்கிறார். மிச்சமாகிற பணத்தைத் துருப்பிடிக்காத டேங்குக்கும், வெந்நீரில் குளிர்நீரைக் கலந்து சூட்டை இறக்கும் நல்ல மிக்ஸிங் வால்வுக்கும் போடுங்கள்.

நீராவிப் பாய்லர் வீட்டுக்கும் இன்டைரக்ட் டேங்க் போடலாமா?

போடலாம். நியூ யார்க், பாஸ்டன் பக்கப் பழைய வீடுகளில் நீராவி ரேடியேட்டர்கள் இன்னும் நிறைய உண்டு. பாய்லரின் நீர்மட்டத்துக்குக் கீழேயிருந்து சூடான தண்ணீரை பம்ப் வழியாக எடுத்துச் சுருளில் ஓட்டித் திருப்பி விடுவார்கள். ஆனால் அந்தத் தண்ணீர் சேறும் துருவுமாக இருக்கும், ரசாயனமும் போட்டிருப்பார்கள். அதனால் இரட்டைச் சுவர் நல்லது. சுருளில் சேறு அடைக்காமல் இருக்க முன்னால் ஒரு வடிகட்டி வேண்டும்.

இரட்டைச் சுவரில் வெந்நீர் குறைவாக வருமா?

சூடு இரண்டு தகடுகளையும் நடு இடைவெளியையும் தாண்ட வேண்டும். ஆகவே அதே அளவுச் சுருளானால் கடத்தும் திறன் குறையும், அது உண்மை. தயாரிப்பாளர்கள் சுருளை நீளமாக்கி ஓரளவு ஈடு செய்கிறார்கள். அந்தக் குறை உங்கள் வீட்டில் தெரியுமா என்பதைக் கணக்குப் போட்டுத்தான் சொல்ல முடியும்.

கணக்கு எளிது. நிமிடத்துக்கு எத்தனை கேலன், அதை 500ஆல் பெருக்கி, எத்தனை பாரன்ஹீட் டிகிரி சூடேற்ற வேண்டுமோ அதாலும் பெருக்கினால் மணிக்கு எத்தனை பிடியு (வெப்பத்தை அளக்கும் அலகு) என்று வரும். ஜனவரியில் 45 டிகிரியில் வரும் தண்ணீரை 105 டிகிரி குளியல் நீராக்க 60 டிகிரி ஏற்ற வேண்டும். இரண்டு ஷவர் ஒரே நேரத்தில், மொத்தம் நிமிடத்துக்கு 4 கேலன் என்றால் 1,20,000 பிடியு. உங்கள் பாய்லர் தருவது 80,000 பிடியு என்று வைத்துக்கொள்வோம். அது நிமிடத்துக்கு 2.7 கேலன் குளியல் நீருக்குச் சமம். மிச்சம் 1.3 கேலன் டேங்கின் சேமிப்பிலிருந்து வர வேண்டும். 40 கேலன் டேங்கை 140 டிகிரியில் வைத்திருந்தால், அதில் 28 கேலனைச் சூடு குறையாமல் எடுக்க முடியும் என்று கொண்டால், குளிர்நீர் கலந்து 44 கேலன் குளியல் நீராகும். ஆக இரண்டு ஷவரும் அரை மணி நேரம் தாங்கும்.

இதில் சுருள் எங்கே வந்தது? பாய்லர் தருவதே 80,000 பிடியு என்றால், 1,50,000 கடத்தும் ஒற்றைச் சுவரும் 1,10,000 கடத்தும் இரட்டைச் சுவரும் ஷவரில் ஒன்றுபோலத்தான் தெரியும். பாய்லர் பெரியது, டேங்க் சின்னது என்ற வீட்டில்தான் குறை வெளிப்படும். சுருள் வாங்க முடியாத சூட்டைப் பாய்லர் உண்டாக்கும், உடனே அணையும், மறுபடி பற்றும். அந்த வீட்டில் ஒரு அளவு பெரிய டேங்க் போடுங்கள், அதில் சுருளும் பெரிதாக இருக்கும்.

ஒன்றைக் கவனியுங்கள். டேங்கின் விவரத்தாளில் உள்ள எண்கள் பெரும்பாலும் 180 டிகிரி பாய்லர் நீருக்கும் நல்ல ஓட்டத்துக்கும் உரியவை. நீங்கள் 160இல் ஓட்டினால் அந்த எண் கிடைக்காது. புரோப்பிலீன் கிளைக்கால் பாதிக்குப் பாதி கலந்திருந்தால் அது சுமக்கும் சூடு தண்ணீரைவிடக் குறைவு, தடிமனாக இருப்பதால் பம்புக்கும் வேலை அதிகம். இரட்டைச் சுவரோடு கிளைக்காலும் சேரும் வீட்டில், அந்த இரண்டையும் கணக்கில் எடுத்தே டேங்கையும் பம்பையும் தேர்வு செய்ய வேண்டும்.

தீபாவளி காலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு ஆறு பேர் வரிசையில் நிற்கும் வீடு என்றால், சாதாரண நாளின் கணக்கை வைத்து டேங்க் வாங்காதீர்கள். அந்தக் காலைக்கு 50 கேலன் டேங்க் வேண்டும்.

கண்டென்சிங் பாய்லர் வைத்திருக்கிறேன். அதற்கு இது சரிவருமா?

கண்டென்சிங் பாய்லரின் லாபம், திரும்பி வரும் தண்ணீர் ஆறியிருப்பதில் இருக்கிறது. இயற்கை எரிவாயுவானால், திரும்பும் நீர் ஏறக்குறைய 130 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் புகையில் உள்ள நீராவி குளிர்ந்து அந்தச் சூடும் கிடைக்கும். சுருள் சூட்டை நன்றாக வாங்கவில்லை என்றால் தண்ணீர் சூடாகவே திரும்பும், சிக்கனம் குறையும். இரட்டைச் சுவரில் அந்த இழப்பு கொஞ்சம் கூடுதல். ஆனால் இது டேங்கைச் சூடேற்றும் சில பத்து நிமிடங்களுக்கு மட்டுமே. வீட்டை வெப்பப்படுத்தும் நேரத்தோடு ஒப்பிட்டால் சிறியது. இதற்காக மட்டும் இரட்டைச் சுவரைத் தள்ள வேண்டாம், பெரிய சுருள் உள்ளதாகப் பாருங்கள்.

ஏற்கெனவே நல்ல ஒற்றைச் சுவர் டேங்க் இருக்கிறது. இப்போது பனி உருக்கும் குழாய் போடப் போகிறோம். டேங்கை மாற்றியே ஆக வேண்டுமா?

மாற்றாமலும் முடியும். கிளைக்காலைப் பாய்லருக்குள் வரவிடாமல் நிறுத்துவதுதான் அந்த வழி. பனி உருக்கும் குழாய்களுக்கும் பாய்லருக்கும் நடுவே ஒரு தகட்டு வெப்பப் பரிமாற்றி வைத்து, கிளைக்கால் அந்தப் பக்கமே சுற்றும்படி செய்யலாம். அதற்குத் தனி பம்ப், தனி எக்ஸ்பான்ஷன் டேங்க், தனி ரிலீஃப் வால்வு வேண்டும். பாய்லரில் வெறும் தண்ணீரே இருக்கும். மொத்தத்தில் கிளைக்காலின் அளவும் குறையும், பாய்லருக்கும் நல்லது. பல வீடுகளில் இதுவே சிறந்த ஏற்பாடு என்பது என் கருத்து.

டேங்கின் உலோகம் முக்கியமா?

ரொம்ப முக்கியம். கண்ணாடிப் பூச்சு எஃகு டேங்க் விலை குறைவு, ஆனால் உள்ளே துருவைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் அனோட் ராட் தேயும், சில வருஷங்களுக்கு ஒருமுறை பார்த்து மாற்ற வேண்டும். துருப்பிடிக்காத எஃகில் பல தரம் உண்டு. குளோரைடு அதிகமுள்ள தண்ணீருக்கு எது தாங்கும் என்று கேளுங்கள். கிணற்றுத் தண்ணீர் வீடானால் முதலில் தண்ணீரைப் பரிசோதிக்கக் கொடுங்கள். கடினநீர் சுருளின் மேல் சுண்ணாம்பாய்ப் படியும். சில நிறுவனங்கள் ஒரே வரிசையில் இரண்டு வகையும் செய்கின்றன. பிராட்ஃபோர்ட் ஒயிட்டின் பவர்ஸ்டோர் வரிசையில் மாடல் எண் டி.டபிள்யூ என்று தொடங்கினால் இரட்டைச் சுவர், எஸ்.டபிள்யூ என்றால் ஒற்றை. ஒரே ஓர் எழுத்து வித்தியாசம், ஆர்டர் போடும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

எத்தனை டிகிரியில் வைப்பது?

டேங்கில் 140 பாரன்ஹீட், அதாவது 60 செல்சியஸ். வெதுவெதுப்பான தண்ணீரில், குறிப்பாக 25 முதல் 45 செல்சியஸ் வரை, லெஜியோனெல்லா கிருமி வளரும். ஆனால் 140 டிகிரித் தண்ணீர் சில விநாடிகளில் தோலை வேகவைத்துவிடும், குழந்தைக்கு இன்னும் வேகமாக. ஆகவே டேங்கின் வாயிலேயே மிக்ஸிங் வால்வு வைத்து 120க்கு இறக்கி வீட்டுக்குள் விடுங்கள். ஒன்டாரியோவில் குளியல் குழாய்களுக்கு 49 செல்சியஸ்தான் உச்சவரம்பு, அதுவும் ஏறக்குறைய இதே அளவு.

இரட்டைச் சுவர் போட்டுவிட்டால் வெந்நீர்க் குழாயில் சமையலுக்குப் பிடிக்கலாமா?

பிடிக்க வேண்டாம். சீக்கிரம் கொதிக்கட்டும் என்று உலைக்கு வெந்நீர் பிடிக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. பழைய குழாய்களில் ஈயம் இருந்தால் சூடான தண்ணீர் அதை அதிகமாகக் கரைக்கும். குடிக்கவும் சமைக்கவும் குளிர்நீர்க் குழாயைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்கிறது. இதற்கும் சுருளுக்கும் சம்பந்தமில்லை.

இரட்டைச் சுவர் இருந்தால் பாய்லருக்கு பேக்ஃப்ளோ தடுப்பான் தேவையில்லையா?

கட்டாயம் தேவை. பாய்லர் நீர் ஊர்க்குழாய்க்குத் திரும்பிப் போகாமல் தடுப்பது அதுதான். பாய்லருக்குள் தண்ணீர் நிரப்பும் குழாய் ஊர்க்குழாயோடு நேரடியாக இணைந்திருக்கிறது. அது வேறு வழி, சுருள் வேறு வழி. வெறும் தண்ணீர் என்றால் நடுவே காற்றுத் துளையுள்ள இரட்டைத் தடுப்பு வால்வு வழக்கம். ரசாயனம் இருந்தால் அதைவிட வலுவான ஆர்பிஇசட் (RPZ) என்ற தடுப்பான் வகையைக் கேட்பார்கள்.

ஒற்றைச் சுவர்ச் சுருள் ஓட்டையா என்று சோதிப்பது எப்படி?

பாய்லர் பிரஷர் கேஜில் முள் மெல்ல மெல்ல ஏறுகிறது, ரிலீஃப் வால்வு சொட்டுகிறது என்றால் பாய்லரை அணைத்து ஆறவிடுங்கள். அதற்குத் தண்ணீர் நிரப்பும் வால்வை இறுக மூடுங்கள். ஆறிய பிறகும் முள் ஏறினால், தண்ணீர் வேறு வழியில் வருகிறது என்று அர்த்தம். அந்த வழி பெரும்பாலும் சுருள்தான். அடுத்து டேங்கின் சுருளுக்குப் போகும் இரண்டு வால்வுகளையும் மூடிப் பாருங்கள், ஏற்றம் நின்றால் சந்தேகம் தீர்ந்தது. உள்ளே கிளைக்கால் இருக்கும் வீடு என்றால் அதற்குப் பிறகு டேங்கை மாற்றும்வரை அந்த வெந்நீரைத் தொடாதீர்கள். வீட்டுத் தண்ணீரையும் மூடாதீர்கள், மூடினால் திசை மாறும். பிளம்பர் வந்து சுருளைத் தனிமைப்படுத்திய பிறகு மூடட்டும்.

இரட்டைச் சுவர் டேங்கின் வென்ட் துளையில் சொட்டுகிறது. என்ன செய்வது?

துளையை அடைக்கக் கூடாது. இதை அழுத்தமாகச் சொல்கிறேன், ஏனென்றால் எபாக்ஸி வைத்து அடைத்த ஒரு டேங்கை நண்பர் வீட்டில் பார்த்திருக்கிறேன். அடைத்த நிமிடமே அது ஒற்றைச் சுவருக்கும் கீழாகிவிடும், எச்சரிக்கையும் போய்விடும்.

முதலில் குளிர்ந்த குழாயின் மேல் வேர்க்கும் ஈரமா என்று துடைத்துவிட்டுப் பாருங்கள். சொட்டு நிற்கவில்லை என்றால் ஒரு கிண்ணத்தில் பிடியுங்கள். நிறமும் வழுவழுப்பும் இருந்தால் பாய்லர் பக்கச் சுவர் போயிருக்கிறது. தெளிவாக இருந்தால் குடிநீர்ப் பக்கம், அல்லது வெறும் தண்ணீர் ஓடும் பாய்லர். எப்படியிருந்தாலும் மிச்சமிருப்பது ஒரே சுவர், சுருளைப் பழுது பார்க்க முடியாது. சுருளைத் தனியாகக் கழற்றி மாற்றும் மாடல் என்றால் சுருளை மாற்றலாம், இல்லையென்றால் டேங்கையே மாற்ற வேண்டும். பிளம்பர் வரும்வரை பாய்லரிலிருந்து டேங்குக்குப் போகும் இரண்டு வால்வுகளையும் மூடி, அந்த பம்பை அணைத்துவிடுங்கள். வீட்டு ஹீட்டிங் ஓடிக்கொண்டே இருக்கலாம், வெந்நீர் மட்டும் அடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.